பற்றரியைச் சாகடித்த கதை

கிட்ட வந்து இருங்கள். இன்னும் கிட்ட. கதிரையை இழுக்காதீர்கள், சத்தம் குசினிவரைக்கும் போகும். தூக்கி வையுங்கள். பெஞ்சாதி உள்ளே மீன் வெட்டுகிறாள். கைதான் மீனில். காது இங்கேதான்.

மகள் இப்போது தேத்தண்ணி கொண்டுவருவாள். அவள் வரும்போது நான் மீன் விலையைப் பற்றிக் கதைப்பேன். நீங்களும் தலையாட்ட வேண்டும். பேரப்பிள்ளைகள் ரெண்டும் கடற்கரைக்குப் போய்விட்டதுகள். நல்லதாய்ப் போச்சு.

இந்தக் கதையை நான் யாருக்கும் முழுசாகச் சொன்னதில்லை. பாதியில் பெஞ்சாதி வந்து மீதியைச் சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் நான் பெரிய மடையன். நான் சொன்னால் அளவான மடையன். வித்தியாசம் அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, ஓகஸ்ட் மாதம். என் பெயர் ஸெய்னுதீன். அப்போது எனக்கு வயது ஐம்பத்தொன்பது. ஹயர் கார் ஓட்டுகிறவன். படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி. கார் ஒரு சின்ன மாருதி. திருகோணமலை டவுணுக்குள் மட்டும் ஓடும். ஆஸ்பத்திரி, சந்தை, பள்ளிக்கூடம், கலியாண வீடு. கந்தளாய் ரோட்டில் நாலாம் கட்டை, நாலாவது மைல் கல், வந்தால் கார் தானாகத் திரும்பிவிடும் என்று ஆட்கள் பகிடி பண்ணுவார்கள். கார் திரும்பவில்லை. நான்தான் திருப்பினேன். நாலாம் கட்டைக்கு அங்கால என் சக்கரம் போகாது. அது என் தீர்மானம். பெஞ்சாதிக்கு நான் விட்டுக்கொடுக்காத ஒரே தீர்மானமும் அதுதான்.

பெஞ்சாதி பெயர் உம்மு குல்சும். கல்யாணம் முடித்து முப்பத்திநாலு வருசத்தில் அவள் என்னோடு சத்தம் போட்டுச் சண்டை பிடித்தது கிடையாது. தேவைப்படவில்லை. அவள் ஒரு விசயத்தை ரெண்டாம் முறை கேட்டால் நான் செய்துவிடுவேன். முதல் முறையே செய்தால் ஆம்பிளைக்கு மரியாதை இல்லைத்தானே.

எங்கள் வீடு உள்துறைமுகத்தைப் பார்த்து இறங்குகிற ஒரு சின்னத் தெருவில், ஒழுங்கையில், இருக்கிறது. வாசலில் நின்றால் கடல் தெரியும். கடலுக்கு அங்காலே மூதூர். மகள் லைலாவை அங்கேதான் கட்டிக் குடுத்தோம். மருமகன் சரீப், ரெண்டு பிள்ளைகள், ஒரு பலசரக்குக் கடை.

அந்த ஓகஸ்டில் மூதூரில் சண்டை தொடங்கியது. ஷெல் அங்கே விழ, இங்கே எங்கள் அலுமாரிக் கண்ணாடி அதிரும். அதிர்கிற ஒவ்வொரு முறையும் குல்சும் கையைக் கண்ணாடியில் வைத்து அதை நிப்பாட்டுவாள். கண்ணாடி நின்றுவிடும். ஷெல் நிற்காது. சனம் நடந்து வெளிக்கிட்டுவிட்டது, கந்தளாய்ப் பக்கம் போகுது என்று கதை வந்தது. லைலாவைப் பற்றி ஒரு கதையும் வரவில்லை. ஆறு நாள்.

அந்த ஆறு நாளும் கரண்டும் இல்லை. எங்கேயோ லைன் அறுந்ததாம். எங்களிடம் செங்கல் மாதிரி ஒரு போன் இருந்தது. வீட்டில் சிக்னல் வருகிற இடம் ஒன்றுதான்: குசினி யன்னலின் மூன்றாவது கம்பி. அந்தக் கம்பியில் ஒரு சீலைப்பையைக் கட்டி, அதற்குள் போனை வைத்து, அதற்குக் கீழே குல்சும் நின்றாள். சமைத்தாலும் அங்கே. சாப்பிட்டாலும் நின்றபடி அங்கே. போனில் ஒரு கட்டைச் சார்ஜ் மிஞ்சி இருந்தது. அது போனால் லைலா எடுக்கிற கோல் எங்கே வந்து விழும்?

அப்போதுதான் முனாப் வந்தான். சந்தைப் பக்கம் ரேடியோ திருத்துகிறவன், என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவன். கையில் ஒரு இரும்புப் பெட்டி, வாலில் ஒரு வயர்.

"காக்கா, கப்பல்காரன் ஒருத்தன் குடுத்தது. இதுக்குப் பேர் இன்வேர்ட்டர். காரில வாற பன்ரெண்டு வோல்ற்றை வீட்டுக் கரண்ட் ஆக்கும். சிகரெட் பத்துற ஓட்டைக்குள்ள இதைக் குத்துங்க. இந்தப் பக்கம் சார்ஜரைக் குத்துங்க."

"நான் சிகரெட்டை விட்டுப் பன்ரெண்டு வருசம்."

"நீங்கதான் விட்டீங்க. ஓட்டை விடல்லையே."

குத்தினேன். ஒன்றும் இல்லை.

"சாவியைப் போட்டு ஒரு பல்லுத் திருப்புங்க காக்கா. சாவி இல்லாட்டி ஓட்டைக்குக் கரண்ட் வராது."

கார்ச் சாவி என் இடுப்புப் பெல்ட்டின் பைக்குள் இருக்கும். குளிக்கும்போதுகூட பெல்ட் கிணற்றுக் கட்டில், என் கண்ணுக்கு நேரே. அந்தச் சாவியை எடுத்துப் போட்டு ஒரு பல்லுத் திருப்பினேன். பெட்டிக்குள் ஒரு சின்னக் காற்றாடி சுழன்றது. பச்சை லைற் எரிந்தது. போன் கண்ணைத் திறந்தது.

குல்சும் சிரிக்கவில்லை. ஆனால் ஆறு நாளைக்குப் பிறகு முதல் முறையாக உட்கார்ந்தாள்.

"ஒரு விசயம்," என்றான் முனாப். "பெட்டி கீச்செண்டு கத்தினா பற்றரி இறங்குது எண்டு அர்த்தம். உடனே எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஓட விடணும். விடாட்டிப் பிறகு செல்ஃப் எடுக்காது."

"செல்ஃப் எடுக்காட்டி?" என்று கேட்டாள் குல்சும்.

"தள்ளத்தான் வேணும் ராத்தா."

அவள் தலையாட்டினாள். நானும் தலையாட்டினேன். ரெண்டு தலையும் வேறு வேறு விசயத்துக்கு ஆடின என்பது பிறகுதான் தெரிந்தது.

பின்னேரம் கோல் வந்தது. யன்னல் கம்பியடியில் போனுக்கு ஆளுக்கொரு பக்கம் காதை வைத்தோம்.

"உம்மா..." லைலாதான். "கந்தளாயில ஒரு பள்ளிக்கூடத்தில இருக்கிறம். நடந்துதான் வந்தனாங்க. சின்னவன் கக்கிக்கொண்டே இருக்கிறான். தண்ணி குடுத்தாலும் தங்குதில்ல."

"சரீப் எங்க புள்ள?"



"வழியில சனம் சிதறினது உம்மா. பெரியவள் என்ட கையில. சின்னவன் இடுப்பில. இவரைக் காணல்ல." பிறகு, "வாப்பாவைக் காரைக் கொண்டு வரச் சொல்லுங்க உம்மா" என்றாள். லைன் அறுந்தது.

குல்சும் முக்காட்டை இழுத்துப் போட்டாள். "எழும்புங்க."

"எங்க?"

"எங்கயா?"

"இல்ல புள்ள, பெற்றோல் இல்லையே. மீற்றர் முள்ளு படுத்துக் கிடக்கு. பெற்றோல் செற் பூட்டி எத்தனை நாள்?"

"பிறகு?"

"விதானையார்ட கடிதம் வேணும். கடிதம் இல்லாம செக் பொயின்ற்றில விடமாட்டாங்க."

"பிறகு?"

"பிறகென்ன, நாளைக்குப் பாப்பம்."

அவள் செருப்பைப் போட்டாள். வெளியே போய் மூன்று ஓட்டோக்காரர்களைக் கேட்டாள். மூன்று பேரும் ஏலாது என்று தலையை ஆட்டிவிட்டார்கள். பஸ்ஸும் இல்லை.

நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வை விளங்குது. பார்க்கத்தான் வேணும். இதையும் கேட்டுவிட்டுப் பாருங்கள்.

தொண்ணூறாம் ஆண்டு என்னிடம் ஒரு மொரிஸ் மைனர் இருந்தது. கந்தளாய்க்கு ஒரு ஹயர். நாலு பேர். அதில் ஆதம்பாவா என்பவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர், புதுக் குடையோடு முன் சீற்றில் இருந்தார். வழியில் துவக்கோடு நின்றவர்கள் மறித்தார்கள். யார் என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் துவக்கைத்தான் பார்த்தோம், பின்னால் நின்றவரைப் பார்க்கவில்லை. நாலு பேரையும் இறங்கச் சொன்னார்கள். என்னைப் போகச் சொன்னார்கள்.

போனேன்.

வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகுதான் பக்கத்து சீற்றைப் பார்த்தேன். குடை கிடந்தது. அடுத்த நாள் அதைக் கொண்டுபோய்க் குடுக்க ஆதம்பாவா வீட்டுக்கு நடந்தேன். என்ன சொல்லிக் குடுப்பது? வாசல் படலையைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். குடை எங்கள் அலுமாரிக்கு மேலே ஏறியது. மொரிஸை விற்றேன். அது யாருடைய குடை என்று குல்சும் பதினாறு வருசம் கேட்கவில்லை. தூசி மட்டும் தட்டுவாள்.

ஆகவே, போகப் பயம் என்று பெஞ்சாதிக்குச் சொல்ல வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. லைலாவின் கோல் வந்த அன்று ராத்திரி படுத்துக் கிடந்து யோசித்தேன். நான் ஏன் ஏலாது என்று சொல்ல வேண்டும்? கார் சொல்லட்டுமே.

பற்றரி செத்தால் கார் ஓடாது. பற்றரியை நான் சாகடித்தால் பழி வரும். ஊரே சேர்ந்து சாகடித்தால்? புண்ணியம் வரும்!

விடிந்ததும் முதல் வேலையாகக் காரை வளவுக்குள்ளே பின் மதிலுக்கு மூஞ்சி குடுத்து விட்டேன். ஏன் என்கிறீர்களா? பற்றரி செத்தாலும் காரைத் தள்ளி உருட்டி, கியரைப் போட்டுக் கிளச்சை மிதித்து விட்டால் எஞ்சின் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? முப்பத்தைந்து வருசம் ஓட்டினவன். நித்திரையிலும் கட்டில் சட்டத்தில் கிளச் மிதிக்கிறேன் என்று குல்சும் முறையிடுகிறவள். மதிலுக்கு மூஞ்சி குடுத்தால் முன்னுக்குத் தள்ள ஏலாது. தொண்ணூறுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் வாகனத்தை அப்படி விடுவதில்லை. மூஞ்சி எப்போதும் ரோட்டைப் பார்த்தபடிதான். ஓட வேண்டி வந்தால் திருப்ப நேரம் கிடையாது.

குல்சும் வந்து பார்த்தாள். "கார் ஏன் சுவரைப் பாத்து நிக்குது? கோவமா?"

"நிழலுக்கு."

"நிழல் அங்கால இருக்கே."

"வரும்."

பிறகு வாசலில் போய் நின்று ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சொன்னேன்: "போன் சார்ஜ் பண்ண ஏலாம இருக்கிற ஆக்கள் எல்லாரும் வாங்க! ஒண்டும் தரத் தேவையில்ல! ஸெய்னுதீன்ட கார் இருக்கு!"

முதலில் வந்தது பக்கத்து வீட்டுச் சிவகாமிப்பிள்ளை ரீச்சர். பென்சன் எடுத்தவ. மகன் கனடாவில். "நானா, அவன் மூண்டு நாளாய் எடுத்துப் பார்த்திருப்பான். நான் செத்துப்போனன் எண்டு நினைச்சிருப்பான்."

"தாங்க ரீச்சர். உயிரோட இருக்கிறீங்க எண்டு சொல்லுவம்."

பத்து மணிக்குள் இருபது பேர். முனாப் ஒரு நீளப் பலகையில் பிளக் ஓட்டைகள் அடித்துக் கொண்டுவந்தான். நான் ட்ரைவர் சீற்றில் உட்கார்ந்து ஒவ்வொரு போனாக வாங்கிக் குத்தினேன். முன் கண்ணாடிக்குக் கீழே போன்கள் குஞ்சு பொரிக்க வைத்த முட்டைகள் மாதிரிக் கிடந்தன. ரேடியோ வந்தது. ரோர்ச் லைற் வந்தது. சலூன்காரன் தலைமயிர் வெட்டுகிற மெசினைக் கொண்டுவந்தான். நான் எல்லாவற்றுக்கும் இடம் குடுத்தேன். ஒருத்தர் அயன்பொக்ஸோடு வந்தார். எனக்கு வாயில் தண்ணி ஊறியது. அயன்பொக்ஸ் என்றால் ஒரே நாளில் வேலை முடியும்!

முனாப்தான் பாய்ந்து பிடித்தான். "காக்கா! பெட்டி எரிஞ்சு போயிடும்! உங்களுக்கென்ன விசரா?"

"பாவம், கசங்கின சேட்டோட வந்திருக்கிறார்."

"நானா, உங்கட மனசு ஆருக்கு வரும்," என்றா ரீச்சர். நான் தலையைக் குனிந்தேன். வெட்கம்தான். அவ வேறு மாதிரி நினைத்தா.

ஒரு இளம் பெண் ரெண்டு போன் கொண்டுவந்தாள். மூதூரில் இருந்து வந்தவள். "ஒண்டு என்டது. மற்றது இவர்ட. வீட்டில விட்டுட்டுத்தான் கடைக்குப் போனவர். வந்து கேட்டா சார்ஜோட குடுக்கணும்தானே."

நான் ரெண்டையும் குத்தினேன். சார்ஜ் ஏறியதும் தன் போனிலிருந்து அவரது போனுக்குக் கோல் எடுத்தாள். அது அடிப்பதை நின்று கேட்டாள். பிறகு ரெண்டையும் எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த நாளும் வந்தாள்.

அந்த முதல் நாள் பன்ரெண்டு மணிக்கு ஒரு அநியாயம் நடந்தது. பெட்டி வெயில் சூட்டில் தானாக நின்றுவிட்டது. நின்றால் பற்றரி எப்படி இறங்கும்? அரை மணித்தியாலம் விசிறியால் வீசினேன். வேலை செய்தது. திரும்பவும் நின்றது.

குல்சும் பக்கத்தில் வந்தாள். "இஞ்சாருங்க. பொம்பிளையள் உங்கட வளவுக்குள்ள ஆம்பிளையளுக்கு நடுவில வரக் கூச்சப்படுறாங்க. பெட்டியும் வெயிலில வேகுது. காரை ஒழுங்கை மேட்டில கொட்டான் மரத்துக்குக் கீழ விட்டா என்ன? நாள் முழுக்க நிழல். இன்னும் ஆக்களும் வருவாங்க."

இன்னும் ஆட்கள்! நாள் முழுக்க! முதல் முறையிலேயே சம்மதித்துவிட்டேன். முப்பத்திநாலு வருசத்தில் முதல் தடவை. அவளே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க காக்கா," என்றான் முனாப்.

"வேணாம், வேணாம். பெற்றோல் இல்ல. தள்ளுவம்." ஸ்டார்ட் பண்ணினால் பற்றரிக்குச் சார்ஜ் ஏறிவிடுமே. விடுவேனா?

தள்ள ஆட்களுக்கா பஞ்சம்? போன் பிடித்த கையெல்லாம் காரைப் பிடித்தது. மதிலுக்கு மூஞ்சி குடுத்த கார் பின்பக்கமாகத்தானே வெளியே வரும்? பின்பக்கமாக வந்தது, பின்பக்கமாகவே மேட்டில் ஏறியது. மரத்துக்குக் கீழே போய் நின்றபோது மூஞ்சி பள்ளத்தைப் பார்த்து, கடலைப் பார்த்து நின்றது. எனக்கு அது கண்ணில் படவில்லையா? பட்டது. ஆனால் அந்த ஒழுங்கையில் ஓட்டத் தெரிந்த ஆள் நான் ஒருத்தன்தான். நான் ஓட்டாவிட்டால் பள்ளம் என்னை என்ன செய்யும்?

ஹான்ட் பிரேக் அந்தக் காரில் மூன்று வருசமாக அலங்காரத்துக்குத்தான் இருந்தது. குல்சும் குசினிக்குள் போய் அம்மிக் குழவியைத் தூக்கிவந்து இடப்பக்க முன் சக்கரத்துக்கு அடை வைத்தாள். குழவியின் கழுத்தில் ஒரு தும்புக் கயிற்றைக் கட்டி, மறு நுனியைக் கதவுக் கைபிடியில் முடிந்தாள்.

"அதென்னத்துக்குக் கயிறு?"

"தொண்ணூறில என்ட அம்மியையும் குழவியையும் களவெடுத்தவங்க. இதையும் குடுக்க ஏலாது."

நியாயமான கதைதான். நான் சிரித்தேன்.

அடுத்த நாள் ஓட்டோக்காரர்களும் வந்தார்கள். "காக்கா, சும்மா சார்ஜ் பண்ணக் கூச்சமா இருக்கு. என்ன தாறது?"

"ஒண்டும் தராதீங்க! போங்க!" பெரிய மனிதன் மாதிரிக் கையை வீசினேன். அவர்கள் போகிற வழியில் குல்சும் ரீச்சர் வீட்டுப் படலையில் நின்று அவர்களோடு என்னமோ கதைத்தாள். சுகம் விசாரிக்கிறாள் என்று நினைத்தேன். எங்கள் பகுதிக் கிராம அதிகாரி வீரக்குட்டி விதானையார் போனோடு வந்தார். அவருக்குத் தேத்தண்ணி குடுத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். மரியாதை தெரிந்த மனுசி என்று பெருமைப்பட்டேன். ளுஹர் தொழுகைக்கு நான் பள்ளிவாசலுக்குப் போனால் காருக்கு அவள்தான் காவல். வேறு யாரை நம்புவது?

பின்னேரம் பெட்டி முதல் முறையாகக் கத்தியது. கீச். என் காதுக்கு அது கலியாண மேளம். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவில்லை. கொஞ்ச நேரம் ஓய்வு குடுத்தேன். திரும்பக் குத்தினேன். கீச்.

மூன்றாம் நாள் லைலாவின் கோல் திரும்பவும் வந்தது. இந்த முறை யன்னல் கம்பியடியில் போன் என் கையில்.

"வாப்பா, வெளிக்கிட்டீங்களா?"

"கார்..." என்றேன். "கார் பழுது மகள். பற்றரி சரியில்ல."

மற்றப் பக்கம் சனத்தின் இரைச்சல். யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

"பரவாயில்ல வாப்பா. நீங்க வராதீங்க. ரோட்டு நல்லம் இல்லையாம். நாங்க இருப்பம்."

"சின்னவன் எப்பிடி புள்ள? இன்னும் கக்குறானா?"

"இப்ப கக்குறான் இல்ல வாப்பா. கக்க உள்ளுக்க ஒண்டுமில்ல."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். குல்சும் நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். உள்ளே போய் அரிசி வறுக்கத் தொடங்கினாள். பிள்ளைக்குக் கஞ்சி வைக்க வறுக்கிற அரிசி. பிள்ளை இங்கே இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா? அந்த வாசத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்று பொழுதுபடும்வரை காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பயம் ஒரு பக்கம். மகள் "பரவாயில்ல" என்றது மறுபக்கம். ரெண்டும் ஒரே நெஞ்சுக்குள் இடம் பிடிக்க இடிபட்டன. பயம்தான் பெரிய ஆள். அது நெஞ்சுக்குள்ளே பதினாறு வருசம் குடியிருந்த ஆள்.

நாலாம் நாள் காலை, ஒன்பது மணி. வழக்கம்போல ட்ரைவர் சீற்றில் இருந்தேன். பெட்டி நீளமாக ஒருமுறை கத்தியது. பச்சை லைற் சிவப்பானது. காற்றாடி நின்றது. சாவியைத் திருப்பிப் பார்த்தேன்.

டிக்.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றுமில்லை. முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு ஆட்களுக்குச் சொன்னேன்: "பற்றரி செத்துப்போச்சு. இனி ஒண்டும் செய்ய ஏலாது."

ஆட்கள் கலைந்து போவார்கள் என்று பார்த்தேன். ஒருத்தரும் போகவில்லை.

ஒழுங்கையால் குல்சும் ஏறி வந்தாள். ஒரு பை, ஒரு பிளாஸ்க், கக்கத்தில் ஒரு குடை. கைபிடியில் இருந்த கயிற்று முடிச்சை அவிழ்த்தாள், கதவைத் திறந்தாள், என் பக்கத்தில் உட்கார்ந்தாள், கதவைச் சாத்தினாள். கயிறு யன்னலால் அவள் கையில்.

"பற்றரி செத்துப்போச்சு புள்ள," என்றேன்.

"ஓம். நாலு நாளா வருத்தத்தில கிடந்ததுதானே."

"எங்க வெளிக்கிட்டாய்?"

"கந்தளாய்க்கு."

"செத்த காரிலயா?"

"செத்தது பற்றரி. கார் நல்ல சுகம்."

"பெற்றோலுக்கு எங்க போற?"

"முள்ளைப் பாருங்க."

பார்த்தேன். சாவி இப்போது ரெண்டாம் பல்லில் நின்றது; ஒரு பல்லில் நின்றால் முள்ளு எழும்பாது. நாலு நாளாகப் படுத்துக் கிடந்த முள்ளு பாதியில் எழும்பி நின்றது. செத்த பற்றரியின் கடைசி மூச்சில் அந்த முள்ளு மட்டும்தான் அசைந்தது.

"ஆர் ஊத்தினது?"

"உங்கட்ட சார்ஜ் போட்ட ஓட்டோக்காரப் பிள்ளையள். ஆளுக்கு அரைப் போத்தல். நீங்க ஒண்டும் வேணாம் எண்டு சொன்னீங்க. நான் அப்பிடிச் சொல்லல்லையே."

"எப்ப ஊத்தினாய்?"

"நீங்க தொழப் போன நேரம்."

"விதானையார்ட கடிதம்..."

பைக்குள் கையை விட்டு எடுத்துக் காட்டினாள். முத்திரை குத்தி, என் பெயர் எழுதி, கார் நம்பரும் போட்டு. கீழே விதானையாரின் கையெழுத்து.

பின் கண்ணாடியில் பார்த்தேன். முனாப் நிற்கிறான். சிவகாமிப்பிள்ளை ரீச்சர் செருப்பைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு நிற்கிறா. சலூன்காரன். அயன்பொக்ஸ்காரர், கசங்கின சேட்டோடு. ரெண்டு போன்காரப் பெண். என்னிடம் சார்ஜ் போட்ட சனம் எல்லாம் நின்றது. ஒருத்தர் கையிலும் போன் இல்லை. எல்லாக் கையும் என் காரின் முதுகில் இருந்தது.

"எல்லாரும் எனக்கு எதிரா?"

"உங்களுக்கு எதிரா ஆர் இருக்கிறாங்க? ஊரே உங்களை நல்ல மனுசன் எண்டு சொல்லுது. நாலு நாளா நீங்க சம்பாதிச்சது."

"குல்சும்... ரோட்டு சரியில்ல."

அவள் குடையை மடியில் எடுத்து வைத்தாள். அப்போதுதான் பார்த்தேன். அலுமாரிக்கு மேலே இருந்த குடை. கம்பி ஒன்று துரு ஏறி, ஆனால் துணி கழுவி, காய வைத்து.

"இதென்னத்துக்கு?"

"பிள்ளைக்கு வெயில் படாம வரவேணும்." கொஞ்ச நேரம் குடையின் கைபிடியைத் தடவினாள். "அந்த ரோட்டில நீங்க நாலு பேரை விட்டுட்டு வந்தீங்க. ஆதம்பாவாட பெஞ்சாதி எனக்குச் சொன்னவ. நீங்க படலைவரைக்கும் வந்து திரும்பினதையும் உள்ளுக்க நிண்டு பாத்தவ. பதினாறு வருசம் நான் ஒண்டும் கேக்கல்ல. இண்டைக்கும் கேக்கல்ல. விட்டுட்டு வந்தது நாலு. இண்டைக்கு மூண்டு பேரை ஏத்திக்கொண்டு வருவம். அல்லாஹ் நாடினா வழியில சரீபையும் ஏத்துவம்."

முப்பத்திநாலு வருசத்தில் அவளிடம் சொல்லாத சொல் அப்போதுதான் வந்தது.

"எனக்குப் பயம் புள்ள. எனக்கு ஏலாது."

"தெரியும்," என்றாள். "எனக்கும்தான்."

பிளாஸ்க்கைக் காலுக்கு நடுவில் இறுக்கினாள். முக்காட்டைச் சரிபண்ணினாள். ஒழுங்கை கீழே நீளமாக இறங்கிக் கிடந்தது. அது முடிகிற இடத்தில் கடல். கடலுக்கு அங்காலே புகை.

"உங்களுக்கு ஏலாதுதான்," என்றாள் குல்சும். "நித்திரையிலயும் கிளச் மிதிக்கிற உங்கட காலைக் கேட்டுப் பாப்பம்."

யன்னலால் கையை வெளியே விட்டு, கயிற்றை இழுத்தாள்.